சோப்பு வாங்கப் போன சனிக்கிழமை

எனக்கு ஒரு சோப்பு மட்டும்தான் வேண்டியிருந்தது. நீங்கள் தம்பியைப் பற்றிக் கேட்கிறீர்கள், இவள் சோப்பைப் பற்றிப் பேசுகிறாளே என்று எரிச்சல்படாதீர்கள் மேடம். அங்கிருந்து ஆரம்பித்தால்தான் எனக்கு ஒழுங்காகச் சொல்ல வரும். என் தம்பி ஜெபக்குமார் செவ்வாய்க்கிழமையிலிருந்து இந்த ஸ்டேஷனில் இருக்கிறான். சுபஸ்ரீ என்ற பெண் மருந்து குடித்துச் செத்துப்போனாள், அதற்கு அவன்தான் காரணம் என்று அவளுடைய பெரியப்பா எழுதிக் கொடுத்திருக்கிறார். அவன் காரணம் இல்லை. அதைச் சொல்லத்தான் கம்பெனிக்கு லீவு போட்டுவிட்டு வந்திருக்கிறேன்.

என் பெயர் ரோஸ்மேரி. வயது முப்பத்தாறு. கல்யாணம் ஆகவில்லை. சொந்த ஊர் சாத்தான்குளம் பக்கம். அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போன பிறகு, பதினோரு வயதுத் தம்பியைக் கையில் பிடித்துக்கொண்டு திருப்பூருக்கு ரயில் ஏறினேன். பதினைந்து வருஷமாகப் பனியன் கம்பெனியில் செக்கிங். தைத்து வரும் பீஸை டியூப்லைட்டுக்குக் கீழே விரித்து, எங்கே ஓட்டை, எங்கே எண்ணெய்க் கறை, எங்கே தையல் விட்டிருக்கிறது என்று பார்த்து, அந்த இடத்தில் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும். அவ்வளவுதான் வேலை. ஒட்டிய பீஸை அப்புறம் என்ன செய்கிறார்கள் என்பது என் டிபார்ட்மெண்ட் இல்லை.

ராயபுரத்தில் எங்கள் லைன் வீட்டுக்கு நாலு தெரு தள்ளி ஒரு ஃபேன்ஸி ஸ்டோர் இருக்கிறது. போன வருஷம் தீபாவளி முடிந்து ஒரு சனிக்கிழமை, சம்பளம் வாங்கிக்கொண்டு சோப்பு வாங்க அங்கே போனேன். புதிதாக ஒரு பெண் கவுண்டரில் நின்றாள். இருபத்திரண்டு வயது இருக்கும். சாமளாபுரத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிறவள்.

“வாங்க்கா. என்னங்க்கா வேணும்?”

“ஒரு சோப்பு.”

“சோப்பு இருக்கட்டுமுங்க. மூஞ்சிக்கு என்ன போடறீங்க?”

பதில் சொல்வதற்குள் என் தாடையை இரண்டு விரலால் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பிவிட்டாள். “பாருங்க்கா, இங்க கருப்பா மங்கு. இங்கயும். மூக்கு மேல, நெத்தியில. இப்பவே கவனிச்சீங்கன்னா போயிருமுங்க.” நாலு இடத்திலும் விரலை வைத்து வைத்து எடுத்தாள். பின்னால் பத்துப் பேர் நின்றுகொண்டிருந்தார்கள். பதினைந்து வருஷமாக நான் ஊரில் உள்ள பனியனுக்கெல்லாம் அம்பு ஒட்டியவள். என் மேல் ஒருத்தி ஒட்டியது அன்றைக்குத்தான். முகம் வெளுக்கும் கிரீம் ஒன்று, ரோஸ் வாட்டர் ஒன்று, இரவில் தடவ இன்னொன்று என்று வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன். சோப்பை மறந்துவிட்டேன்.

நீங்கள் சிரிக்கலாம். இதற்குப் போய் யாராவது பயப்படுவார்களா என்று கேட்கலாம். நான் பயந்தேன். மறுநாள் எந்தத் தெரு வழியாகப் போவது என்று வெள்ளிக்கிழமையே யோசிக்க ஆரம்பித்துவிடுவேன். அந்தத் தெருவை விட்டு அடுத்த தெரு வழியாகப் போனால், பஸ்ஸுக்கு நிற்கும் இடத்திலிருந்து “ரோஸக்கா” என்று கூப்பிடுவாள். “வேண்டாம்மா” என்ற ஒரு வார்த்தையைக் கண்ணாடி முன்னால் நின்று சொல்லிச் சொல்லிப் பழகியிருக்கிறேன். சரக்கு வாங்க வரும் பையருடைய ஆளுக்கு முன்னால் ஒரு லாட்டையே ரிஜெக்ட் என்று சொல்கிற வாய் இது. அவள் என் மணிக்கட்டைப் பிடித்தால் மட்டும் நாக்கு எழாது. அழுத்திப் பிடிக்கவும் மாட்டாள், அதுதான் சங்கடம். உதறினால் நான்தான் மரியாதை தெரியாதவள் என்று ஆகிவிடும்.

வாங்கியதில் முதல் கிரீமை ஒரு தடவை போட்டதும் அரித்தது. மீதியைப் பிரிக்காமலே கட்டிலுக்கு அடியில் டிரங்குப் பெட்டியில் போட்டு வைத்தேன். அடுத்த வாரம் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டாள். “நீங்க ஒழுங்காப் போடறதில்லீங்க்கா. ஆறு மாசம் போட்டீங்கன்னா மாப்பிள்ளை தேடி வருவாங்க.” பில்லுக்குப் பின்னால் ஒரு போன் நம்பர் எழுதிக் கொடுத்தாள். “எங்க ஊட்டு நம்பருங்க. ஏதாச்சும் சந்தேகம்னா கூப்பிடுங்க.” அந்த நம்பரை நானாகத் தேடிப் போகவில்லை, இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

பொறுக்கமுடியாமல் ஒருநாள் கடை முதலாளி சிவசுப்பிரமணியத்திடம் முறையிட்டேன். அவர் ஆச்சரியப்பட்டார். “சுபஸ்ரீயா? அது வாயே தொறக்காதுங்களே. கேட்டதை எடுத்துக் குடுத்துட்டு கம்முனு நிக்குமுங்க. கஸ்டமர்கிட்டப் பேசுன்னு நாந்தான் தெனமும் திட்டிட்டு இருக்கறேன்” என்றார்.

அப்படியானால் அது எனக்கு மட்டும்தான். இத்தனை பேர் வந்து போகிற கடையில் என்னை மட்டும் எதற்குக் குறிவைக்கிறாள் என்று தெரியாமல் அந்த வாரம் முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை.

தம்பிதான் சொன்னான். பங்குனி மாசம், சாப்பிட்டுக்கொண்டு இருக்கும்போது. “எக்கா, சுபஸ்ரீய ஒனக்குப் பிடிச்சிருக்கா?”

“ஏலே, எந்த சுபஸ்ரீ?”

“அந்தக் கடைப் பிள்ளதான். அவ இந்தக் கடைக்கு வரதுக்கு முன்னாலயே, ரெண்டு வருசமாப் பழக்கம்க்கா. ஒனக்கு முடிக்காம நான் முடிக்கக்கூடாதுன்னு சொல்லிட்டேன். மூணு வரனும் ஒன் முகத்துல மங்கு இருக்குன்னுதான தட்டிப் போச்சு. அவகிட்டச் சொன்னேன். நான் பாத்துக்கிடுதேன்னு சொன்னா.”

எல்லாம் விளங்கிவிட்டது. அவள் எனக்குக் கிரீம் விற்கவே இல்லை. என்னை ஒரு வீட்டுக்கு அனுப்பிவிட்டு இந்த வீட்டுக்குள் வரப் பார்த்திருக்கிறாள். என் முகத்தில் எங்கெங்கே பழுது என்று பட்டியல் போட்டுக் கொடுத்தது நான் வளர்த்த பிள்ளை. நான் கோபப்படவில்லை. “நல்ல பிள்ளதாம்ல” என்று சொல்லி அவனுக்கு இன்னும் ஒரு கரண்டி குழம்பு ஊற்றினேன். சித்திரை முடியட்டும், ரிஜிஸ்டர் பண்ணிக்கொள்கிறோம், இனிமேல் காத்திருக்க முடியாது என்றான். அவர்கள் வீட்டில் ஒருநாளும் ஒத்துக்கொள்ளமாட்டார்கள், அவர்கள் தோட்டம் துரவு, தறிப்பட்டறை உள்ள ஆட்கள், நாம் வேற சாதி, வேற வேதம், பிழைக்க வந்தவர்கள் என்றான். “நீயும் எங்ககூடயே இருந்துக்கோக்கா” என்றும் சொன்னான். இருந்துக்கோ என்றான் மேடம். பதினைந்து வருஷம் நான் வாடகை கட்டிய வீட்டில்.

எங்களுக்கு இருப்பது ஒரே அறை. அவனுக்கு நைட் ஷிப்ட் இருந்தாலே நான் விளக்கை அணைக்க மாட்டேன். அவன் இல்லாத அறை எப்படி இருக்கும் என்று நினைத்துக்கொண்டே ஒரு ஓட்டைப் பீஸை அம்பு ஒட்டாமல் விட்டுவிட்டேன். செக்கிங் டேபிளில் இரண்டு தடவை அப்படி விட்டால் வேலை போய்விடும்.

டீக்கடைப் பக்கத்தில் ஒரு காயின் போன் இருக்கிறது. முதல் நாள் பில்லுக்குப் பின்னால் இருந்த அந்த நம்பரைப் போட்டு, ஆண் குரல் கேட்டதும் வைத்துவிட்டேன். அது அவளுடைய பெரியப்பா மாரப்பன். அப்பா இல்லாத அவளை வளர்த்தவர். மறுநாள் பேசினேன். உங்கள் பெண் பனியன் கம்பெனிப் பையனோடு பழகுகிறாள், வேற சாதி, தெக்கத்தி ஆள் என்று மட்டும் சொன்னேன். பெயர் சொல்லவில்லை.

“நீங்க ஆருங்க அம்மிணி?”

“அந்தப் பிள்ளைக்கு நல்லது நெனைக்கவங்க.”

“ரொம்ப சந்தோசமுங்க. நீங்க சொன்னதே பெரிய உதவிங்க. நாங்க பாத்துக்கறோமுங்க.”

அத்தனை மரியாதையாகப் பேசினார். எனக்கு முதுகில் வேர்த்துவிட்டது, அது வெயிலால் இருக்கலாம். வேலையை விட்டு நிறுத்துவார், வேறு இடத்தில் கட்டிக் கொடுப்பார், அவ்வளவுதான் என்று நினைத்தேன். மறுநாளிலிருந்து அவள் கடைக்கு வரவில்லை. அந்தச் சனிக்கிழமை நிம்மதியாகப் போய் ஒரு சோப்பு வாங்கினேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டரை மணிக்கு அவள் எங்கள் வீட்டு வாசலில் நின்றாள். ஷிப்மெண்ட் அவசரம் என்று தம்பி வேலைக்குப் போயிருந்தான், இரண்டு மணிக்குத்தான் வருவான். காலில் செருப்பு இல்லை. இடது கன்னம் வீங்கியிருந்தது, உதடு கிழிந்திருந்தது, புருவத்துக்கு மேலே ரத்தம் காய்ந்திருந்தது. “மைனி” என்றாள். எங்கள் ஊரில் புருஷனுடைய அக்காவை அப்படித்தான் கூப்பிடுவார்கள். தம்பி சொல்லிக் கொடுத்திருக்கிறான்.

“பொழுது விடியறதுக்குள்ள ஊட்டை உட்டுக் கெளம்பிட்டனுங்க மைனி. அவங்க வேலை முடிஞ்சு வர்ற வரைக்கும் இங்கயே இருந்துக்கறேன். என்ற பெரியப்பன் கண்ணுல பட்டா உசுரோட உட மாட்டாருங்க.”

உட்கார வைத்து முகத்தைத் துடைத்துவிட்டேன். காயத்துக்குத் தடவ ஏதாவது இருக்குமா என்று டிரங்குப் பெட்டியைத் திறந்தபோது பிரிக்காத டப்பாக்களைப் பார்த்துவிட்டாள். “ஒண்ணைக்கூடப் பிரிக்கலீங்களா” என்று சிரித்தாள். சிரித்ததில் உதட்டில் மறுபடி ரத்தம் வந்தது. அன்றைக்கு அவள் என்னிடம் எதையும் விற்கவில்லை, என் முகத்தைக் குறை சொல்லவும் இல்லை. காப்பி போட்டுக் கொடுத்தேன்.

“கோயிலுக்குப் போய்ட்டு வாரேன். வெளிய பூட்டிட்டுப் போறேன், உள்ள ஆள் இருக்கது தெரியாது” என்றேன்.

“சரிங்க மைனி.” என் மணிக்கட்டைப் பிடித்தாள். “சீக்கிரம் வந்துருங்க. பயமா இருக்குதுங்க.”

எனக்கும்தான் என்று சொன்னேன். அது பொய் இல்லை.

வாசல் பூட்டைப் பூட்டினேன், இழுத்துப் பார்த்தேன். டீக்கடைக்குப் போய் போன் செய்தேன். வீட்டு அடையாளம் சொன்னேன். சாவி துளசிச் செடித் தொட்டிக்குப் பின்னால் இருக்கிறது, பூட்டை உடைக்க வேண்டாம், வீட்டு ஓனர் சத்தம் போடுவார் என்றும் சொன்னேன். “ஆகட்டுமுங்க அம்மிணி” என்றார் மாரப்பன். பிறகு கோயிலுக்குப் போனேன். அன்றைக்கு நற்கருணை இருந்தது, அப்பமும் திராட்சை ரசமும் வாங்கினேன்.

பன்னிரண்டு மணிக்குத் திரும்பியபோது பூட்டு பூட்டியபடி இருந்தது. சாவி தொட்டிக்குப் பின்னால் வைத்த இடத்திலேயே இருந்தது. சொன்னபடி செய்கிற மனிதர்கள். உள்ளே காப்பி டம்ளர் உருண்டு கிடந்தது, கழுவிக் கவிழ்த்தேன். தரையைத் துடைத்தேன். ஒரு கண்ணாடி வளையல் உடைந்து கிடந்தது, பொறுக்கி வெளியே போட்டேன். பக்கத்து வீட்டு வெள்ளையம்மாள் என்னைப் பார்த்ததும் கதவைச் சாத்திக்கொண்டாள், அவளுக்கு என்ன கேட்டதோ. இரண்டு மணிக்குத் தம்பி வந்தான். சோறு போட்டேன். அவன் நன்றாகச் சாப்பிட்டான். திங்கட்கிழமை, பெண் மருந்து குடித்துவிட்டாள், எரித்தாகிவிட்டது என்று சேதி வந்தது.

நடந்தது இதுதான். அவளாகக் குடித்திருக்க முடியாது என்பது உங்களுக்கே தெரிந்திருக்கும். போன் செய்தது நான், மூன்று தடவை. பூட்டியது நான், சாவி இருந்த இடத்தைச் சொன்னதும் நான். எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். தம்பியைச் சாயங்காலத்துக்குள் விட்டுவிட்டால் நல்லது. நாலு நாளாக அவன் சரியாகச் சாப்பிட்டிருக்க மாட்டான், மீன் வாங்கிக் கழுவி வைத்துவிட்டு வந்திருக்கிறேன், போய்த்தான் குழம்பு வைக்க வேண்டும். ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன் மேடம். நான் சொன்னது எதுவும் அவன் காதுக்குப் போகவேண்டாம். தாங்கமாட்டான். பாவம், இந்த ஊரில் அவனுக்கு என்னை விட்டால் யாரும் இல்லை.