கம்பியில்லாக் கூரை

— நம்ம கொத்தனாரு மாசானம் அண்ணாச்சி தானாத்தான் உள்ள போனாருன்னு போலீஸ்ல சொல்லு, யசோதரா. அது போதும். பொய் ஒண்ணும் இல்லயே.

— நா இன்னாத்துக்கு சொல்லணும்? நீயே சொல்லேன், ஜோபின்.

— நான் அங்க இல்லேல்லா? போன் வந்துச்சுன்னு பின்வாசல் வழியா வெளிய போயிட்டேன். பாத்தது நீதான்.

— ஆமா, பாத்தேன். கண்ண மூடுனா அதான் வந்துகினே கீது.

— எனக்கு மட்டும் ஒறக்கம் வருதுங்கியா? எங்கப்பா குடோன்லயே ஒரு உசுரு போயிட்டு. ராயபுரம் பூரா இதே பேச்சு.

— பூட்டது ஒரு மன்சன். உனக்கு ஊர்ப் பேச்சுதான் பேஜாரா கீதா?

— கோவப்படாத. நம்ம ஸ்டுடியோ வேல செய்யுத விதம் அவங்களுக்குப் புரியாது, கேட்டியா? பேப்பர்ல வரைஞ்சு நிப்பாட்டாம, நெசமான அளவுல கூரையக் கட்டி, அது ஒடியுத வரைக்கும் மேல மணல் மூட்டைய ஏத்திப் பாப்போம்னு சொன்னா, கிறுக்கும்பான்.

— கிறுக்குதான். ஒரு கம்பி இல்லாம, வெறும் சாம்பல்ல செஞ்ச செங்கல்லுல இம்மாம் பெரிய வளைவு. என்னியும் சேத்துதான் சொல்றேன்.

— உப்புக்காத்துல கம்பி துருவேறி, கூரை பேந்து ஆளு மேல விழுதுன்னுதானே இத ஆரம்பிச்சோம்? வியாசர்பாடில நீ பொறந்த வீடே அப்படித்தானே போச்சு?

— அதுக்குதான் நானும் உன்கூட சேந்தேன். ஒடைஞ்சாதான் கத்துக்கலாம்னு நானுந்தான் சொன்னேன். ஆனா மூட்ட ஏத்தசொல்லோ கீழ ஒரு ஆளும் நிக்கக் கூடாதுன்னு ரூல் போட்டமே?

— அதத்தான் சொல்லுதேன். அந்த ரூல அண்ணாச்சி மீறிட்டாரு.

— மொதல்ல மீறுனது யாரு? ஒவ்வொரு தபாவும் கீழ பூந்து, கைய விரிச்சுகினு போட்டோவுக்கு நின்னது யாரு?

— கட்டுன நாமளே நம்பலேன்னா வேற எவன் நம்புவான்? அன்னைக்கும் போட்டோ எடுத்த கையோட வெளிய வந்துட்டேனே.

— நீ வந்தது யாருக்குத் தெரியும்?

— என்ன சொல்லுத?

— கல்லு நொறுங்குற சத்தம் கேட்டுச்சு. மேல இருந்தவங்க அல்லாரும் குதிச்சு ஓடுனாங்க. நானும் ஓடுனேன். வாசலாண்ட வந்து நின்னு, அண்ணாச்சி எங்க மூஞ்சிங்கள ஒண்ணொண்ணாப் பாத்தாரு. அப்புறம் திரும்பி உள்ள போனாரு.

— கரண்டிய, செல்ல... எதையாச்சும் எடுக்கப் போயிருப்பாரு.

— அவரு பொஞ்சாதி தாயம்மாவும் என்னாண்ட அதான் கேட்டுச்சு. இன்னாத்த எடுக்கப் போச்சு இந்த மன்சன்னு. நா சொல்லாம எழுந்து வந்துட்டேன்.

— ஏன், உனக்குத் தெரியுமா?

— "ஜோபின் தம்பி உள்ள நிக்குதாரு"ன்னு கத்திகினேதான் போனாரு.