நிழல் வேளை

பெரியவர்களே, மணமக்களே... ஒரு சின்னக் கதை இருக்கு. பந்தியில இலை போடுறதுக்குள்ள முடிச்சுடுறேன். பத்திரிகையில தன் பேரை மூணாவதா போட்டாங்கன்னு முகத்தைத் தூக்கி வச்சிருக்கிறவங்க இந்த மண்டபத்துல கொஞ்சப் பேர் இருக்கீங்க. நீங்க மட்டும் நல்லாக் கேளுங்க.

முயல்கரடுன்னு ஒரு மலை. மேற்கு அடிவாரத்துல நொச்சிப்பட்டி, கிழக்கு அடிவாரத்துல ஆவாரம்பட்டி. நடுவுல மலை நிக்குது. இவங்க சந்தை வேற, அவங்க சந்தை வேற. வருசத்துக்கு ஒரு தடவை, உச்சியில இருக்கிற கோயில் திருவிழாவுக்கு ரெண்டு ஊரும் ஏறும். கும்பிட்டுட்டு அவங்கவங்க பக்கமா இறங்கிடும்.

அப்படி ஒரு திருவிழாவுல, நொச்சிப்பட்டி சன்னாசி மக வெள்ளையம்மாளுக்கு ஆவாரம்பட்டிப் பையன் ஒருத்தனைப் பிடிச்சுப்போச்சு. அவனுக்கும் பிடிச்சுப்போச்சு. அப்பன்மார் ரெண்டு பேரும் உச்சியிலேயே பேசி முடிச்சாங்க. சன்னாசி சொன்னார்: "வர்ற புதன்கிழமை நல்ல நாள். நிழல் வேளைக்கு வந்து பொண்ணுக்குப் பூ வச்சுட்டுப் போங்க."

பையனோட அப்பா அய்யணன் சொன்னார்: "ஆகட்டும் சம்பந்தி. நிழல் வேளைக்கு வந்துடுறோம்."

புதன்கிழமை விடிஞ்சது. நொச்சிப்பட்டியில பந்தல், பொங்கல், சொந்தபந்தம்... எல்லாம் தயார். மாப்பிள்ளை வீடு வரலை. நிழல் வாசலை விட்டு விலகுது... வரலை. களத்தை விட்டு விலகுது... வரலை. உச்சி வெயில் ஏறிடுச்சு. பொங்கல் கல்லாப் போச்சு.

விடுவாங்களா சொந்தக்காரங்க? சொந்தம்னு ஒண்ணு எதுக்கு இருக்கு? ஆறினதை ஊதிப் பத்த வைக்கத்தானே இருக்கு? சன்னாசியோட அக்கா எழுந்தா.

"தம்பி, நான் அப்பவே என் மகனுக்குக் கேட்டேன். நீ மலையைத் தாண்டிப் பார்த்தே. மலை உன்னைப் பார்த்துச் சிரிக்குது. பூ இருக்கு, கூட்டம் இருக்கு. பொழுது சாயுறதுக்குள்ள என் மகனுக்கே பூ வச்சுடுவோம்."

சன்னாசி தலையைக் குனிஞ்சுக்கிட்டே, "சரிக்கா"ன்னுட்டார்.

தாய்மாமன் கருத்தாண்டி துண்டை உதறினார். அவர் திட்டுனா பச்சை மரம் பட்டுப்போகும்னு ஊருல பேச்சு. நின்ன இடத்துலயே ஆரம்பிச்சார். "மானங்கெட்ட பயலுக. வாக்குத் தவறுன வம்சம்..."

அந்தப் பொண்ணு என்ன பண்ணுச்சு? அழுதுச்சா? இல்லை. மெதுவா வந்து சொல்லுச்சு: "மாமா, இங்க நின்னு திட்டினா நமக்குத்தானே காது வலிக்குது? அவங்க ஊர்ல போய்த் திட்டுங்க. நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி நாலு கேள்வி கேட்டுட்டு வாங்க. அதுக்கப்புறம் யாருக்கு வேணா பூ வைங்க."

கருத்தாண்டிக்கு அது நியாயமாப் பட்டுச்சு. கிளம்பிட்டார். ஏறும்போது ஒரு பாறைக்கு ஒரு வசவுன்னு சேர்த்துக்கிட்டே ஏறுறார். இறங்கும்போது எதை முதல்ல சொல்றது, எதைக் கடைசியில வைக்கிறதுன்னு வரிசைப்படுத்திக்கிட்டே இறங்குறார்.

ஆவாரம்பட்டிக்குள்ள கால் வச்சா... அங்க என்ன நடக்குது? வாசல் நிறைய தட்டு. தட்டு நிறைய பழம், பூ, வெத்தலை. பொம்பளைங்க எல்லாம் பட்டுச் சேலை. மாப்பிள்ளைப் பையன் மூணாவது தடவையா தலை சீவிக்கிட்டிருக்கான்.

அய்யணன் ஓடி வந்து கையைப் பிடிச்சுக்கிட்டார். கண்ணுல தண்ணி. "ஏய், எல்லாரும் வாங்கப்பா. தாய்மாமனே நேர்ல அழைக்க வந்திருக்காரு. இந்த மரியாதை இந்த ஊர்ல யாருக்குக் கிடைச்சிருக்கு? உக்காருங்க சம்பந்தி, மோர் குடிங்க."

மோர் கைக்கு வந்துடுச்சு. மோரைக் கையில வச்சுக்கிட்டு எப்படித் திட்டுறது? ஒரே மூச்சுல குடிச்சுட்டுக் கேட்டார்: "யோவ், நிழல் வேளைக்கு வர்றேன்னு சொன்னீரா இல்லையா?"

"சொன்னேனே. அதான் நிழல் விழட்டும்னு உக்காந்திருக்கோம்."

"நிழல் போய் எவ்வளவு நேரமாச்சு?"

"என்ன சம்பந்தி, வெயில்ல வந்ததுல கிறுகிறுன்னு வருதா? நிழல் இன்னும் வரவே இல்லையே. பொழுது மலைக்கு மேல போய் அந்தப் பக்கம் சாஞ்சாத்தானே எங்க ஊருக்கு நிழல்?"

கருத்தாண்டி மலையைப் பார்த்தார். பொழுதைப் பார்த்தார். மறுபடி மலையைப் பார்த்தார்... புரிஞ்சுபோச்சு. நொச்சிப்பட்டிக்கு நிழல் காலையில. ஆவாரம்பட்டிக்கு நிழல் சாயங்காலம். ஒரே மலை. ஒரே வார்த்தை. பேசினது உச்சியில... அங்க ரெண்டு நிழலும் இல்லை.

கொண்டுவந்த வசவு அத்தனையையும் என்ன பண்ணினார்? மோரோட சேர்த்து முழுங்கினார். மீசையைத் துடைச்சுக்கிட்டுச் சொன்னார்: "சரி சரி. நிழலுக்கு ஏன் காத்துக்கிட்டிருக்கணும்னுதான் அழைக்க வந்தேன். கிளம்புங்க."

அன்னைக்கு முயல்கரடு மேல மேளச் சத்தம் ஏறி இறங்குச்சு. நொச்சிப்பட்டியில மறுபடி உலை வச்சாங்க. அத்தைக்காரி முணுமுணுத்துக்கிட்டே அரிசி களைஞ்சா. சன்னாசி கேட்டார்: "மாப்ள, திட்டுனீரா?"

"திட்டாம வருவேனா மச்சான்? இந்தா, கையோட இழுத்துட்டு வந்துட்டேன்ல."

வெள்ளையம்மா தலையில பூ ஏறுச்சு.

இந்தக் கதையை எதுக்குச் சொன்னேன்? எல்லாரையும் மன்னிச்சுடுங்கன்னு உபதேசம் பண்ணவா? மாட்டேன். உலகத்துல வேணும்னே கெடுதல் பண்ணினவன் இருக்கான். அவன் மேல இருக்கிற கோபத்தை நீங்க வச்சுக்கங்க, நான் கேட்கமாட்டேன். ஆனா, மலைக்கு இந்தப் பக்கமே உக்காந்து திட்டாதீங்க. ஏறி இறங்கி, அவன் வாசல்ல போய்த் திட்டுங்க. நியாயம் உங்க பக்கம் இருந்தா அங்கேயும் உங்க பக்கம்தான் இருக்கும். இல்லைன்னா... ஒரு சொம்பு மோராவது கிடைக்கும்.

மணமக்களே, உங்க ரெண்டு பேருக்கும் ஒண்ணே ஒண்ணு. "நான் அன்னைக்கே சொன்னேன்ல"ன்னு ஒரு நாள் வீட்டுல சத்தம் வரும். கட்டாயம் வரும். அப்ப பதிலுக்குக் கத்துறதுக்கு முன்னாடி ஒரே ஒரு கேள்வி கேளுங்க:

"நீ சொன்னது... எந்த நிழல்?"