நான் வைத்திருந்த ஐந்து கார்கள்

இதனால் சகலருக்கும் அறிவிக்கப்படுவது என்னவென்றால், இராயபுரம் கருப்பட்டி மண்டி ஞானதுரையாகிய நான், நாற்பத்திரண்டாம் வருஷம் முதல் இந்த ஐம்பத்தேழு வரை ஐந்து கார்கள் வைத்திருந்தேன். அவற்றில் ஒன்றின்மீதுகூட ஒரு கீறல் விழுந்தது கிடையாது. வட சென்னையில் இப்படிச் சொல்லிக்கொள்ள இன்னொருவர் இருந்தால் தாராளமாக முன்னே வரலாம்.

இன்ஸ்பெக்டர் உச்சிமாகாளி நல்ல மனுஷர். எங்கள் திருநெல்வேலிப் பக்கம். "அண்ணாச்சி, நடந்ததை உங்க கையாலயே எழுதிக் குடுத்திருங்க" என்று காகிதமும் பேனாவும் தந்திருக்கிறார். உப்பளத்து மதகிலிருந்து ஆரம்பித்தால் போதும் என்கிறார். அங்கே நடந்ததைப் பற்றி அவருக்கும் எனக்கும் கருத்து வேற்றுமை இல்லை. அவருக்கு இருப்பது ஒரே ஒரு சந்தேகம். நல்ல கார் கையில் இருக்க, ஆள் நடமாட்டமே இல்லாத நேரமாகவும் இருக்க, உச்சிவேளையிலிருந்து பொழுது சாயும்வரை நான் ஏன் அந்த இடத்தை விட்டு நகராமல் காருக்குள்ளேயே உட்கார்ந்திருந்தேன்? நியாயமான கேள்விதான். ஆனால் அதற்குப் பதில் மதகில் இல்லை. பேபி ஆஸ்டினில் இருக்கிறது.

ஜப்பான்காரன் குண்டு போடப் போகிறான் என்று பட்டணம் மூட்டை கட்டிய நாட்கள் அவை. வைக்கோல் வண்டிக்குக்கூட ஆயிரம் கிராக்கி. ஒரு பெரிய வக்கீல் கும்பகோணத்துக்கு ரயில் ஏறுகிற அவசரத்தில் தம் பேபி ஆஸ்டினை என் மண்டி வாசலில் நிறுத்தி, ஏதோ கொடுத்ததை வாங்கிக்கொண்டு போய்விட்டார். ஊர் ஓடியபோது நான் கார் வாங்கினேன். டிரைவரும் வண்டியோடு வந்தான், ஸ்டெப்னி வருகிற மாதிரி. வண்ணாரப்பேட்டை ஷாகுல் ஹமீது. ஒல்லியான ஆள், வாய் மட்டும் பெரிது.

அந்தக் காலத்தில் காலையில் ஹாண்டில் போட்டால்தான் வண்டி எழுந்திருக்கும். டிரைவர் முன்னால் குனிந்து இரும்பு ஹாண்டிலைச் சொருகிச் சுழற்ற வேண்டும். உள்ளே ஒருவர் உட்கார்ந்து ஆக்சிலேட்டரை லேசாக மிதித்துக் கொடுக்க வேண்டும். அந்தப் பொறுப்பை நான் எடுத்துக்கொண்டேன். முதல் நாளே ஹமீது சொன்னான்: "மொதலாளி, அந்தக் கியர் குச்சிய மட்டும் தொட்டுடாதீங்க. அது நடுவுலே கீற வரிக்கும்தான் நான் முன்னாலே உசுரோட கீறேன்."

வேலைக்காரன் சொன்னதானாலும் நல்ல வார்த்தையை நான் மறப்பதில்லை.

இரண்டாவது கார் ஃபோர்டு. பெட்ரோலுக்கு ரேஷன் வந்த காலம். காருக்குப் பின்னால் ஆளுயர அடுப்பு ஒன்றைக் கட்டி, கரி போட்டு ஊதி, அந்தப் புகையில் வண்டி ஓடிற்று. ஞாயிற்றுக்கிழமை வெள்ளை உடுப்போடு ஏறுவேன். கோயில் வாசலில் கரிமூட்டைக்காரனாக இறங்குவேன். "சாம்பல் புதன் அடுத்த மாசம்தானே?" என்று பாதிரியார் ஒரு தடவை கேட்டார். ஆனாலும் மற்றவர்கள் நடந்து வந்த காலத்தில் நான் புகைந்துகொண்டாவது காரில் வந்தேன்.

எல்லாவற்றிலும் எனக்குப் பிரியமானது மூன்றாவது, மேல்கூரை மடக்குகிற செவர்லே. சுதந்திரத்தன்று காலை அதில் கொடி கட்டிக்கொண்டு திருவொற்றியூர் வரை போனேன். வழியெல்லாம் ஜனங்கள் யாரோ தலைவர் என்று நினைத்து மாலை போட்டார்கள். யார் என்று அவர்கள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. முன்னால் உட்கார்ந்திருந்த ஹமீதுக்கும் ஒரு மாலை விழுந்தது. அதை அவன் கழற்றி ஸ்டியரிங்கில் சுற்றினான். நல்ல மனசு உண்டு அவனுக்கு. நான் இல்லையென்று சொல்லவில்லை.

நான்காவது மோரிஸ், என் மனைவி ஞானசெல்விக்காக. ஷாகுல் ஹமீது லீவில் இருக்கும் நாட்களில் வண்டியை எடுக்கக் கூடாது என்பது என் கொள்கை. இயந்திரத்துக்கும் ஓய்வு வேண்டும். ஒரு ரம்ஜானுக்கு அவன் வரவில்லை, கடற்கரைக்குப் போகலாம் என்று தலைவாரிப் பூ வைத்துக்கொண்டு நின்ற ஞானசெல்வி, "ஏங்க, டிரைவருக்கு நோம்புன்னா வண்டிக்குமா நோம்பு?" என்றாள். பெண்களுக்கு இயந்திர ஞானம் குறைவு. அவள் அப்புறம் கேட்கவில்லை. பூவை மட்டும் சாயங்காலம் வரை எடுக்காமல் இருந்தாள்.

இதற்குள் எனக்குப் பெயர் பரவிவிட்டது. என் லைசென்ஸைக் கண்ணாடி போட்டு மண்டியில் மாட்டியிருக்கிறேன். அதைக் கொடுத்த அதிகாரிக்குக் கருப்பட்டி என்றால் உயிர். 'வட சென்னை மோட்டார் வாகனாதிபதிகள் சங்கம்' என்னைத் தலைவராக்கியது. மாதம் ஒரு பிரசங்கம் செய்வேன். 'பிரேக்கும் புலனடக்கமும்' என்ற பிரசங்கத்துக்கு எழுந்து நின்று கை தட்டினார்கள். திரும்பி வரும்போது ஹமீது கண்ணாடியில் என்னைப் பார்த்துச் சொன்னான்: "சோக்கா பேசினீங்க மொதலாளி. கேட்டுகினே இருந்தேனா, எனுக்கே வண்டி ஓட்டக் கத்துக்கணும்னு ஆச வந்துட்சி."

இப்படிப்பட்ட பேச்சுகளை நான் பொறுத்துக்கொண்டேன். பதினைந்து வருஷம் பொறுத்தேன் என்பதை நீதிமன்றம் கவனிக்க வேண்டும்.

ஐந்தாவது வண்டி கறுப்பு. எந்தக் கம்பெனி என்று சொல்லமாட்டேன். வண்டியின்மேல் எந்தத் தப்பும் இல்லாதபோது கம்பெனிக்குக் கெட்ட பெயர் வருவானேன்? அது வந்த வருஷத்தில் சங்கம் எனக்குச் 'சாரத்திய சிரோமணி', அதாவது வண்டி ஓட்டுகிறவர்களில் தலைசிறந்தவன், என்று பட்டம் கொடுக்கத் தீர்மானித்தது. கீறலில்லாத பதினைந்து வருஷத்துக்காக. பட்டமளிப்புக்கு முன் இராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை கார் ஊர்வலம், நான் முதல் கார். அந்தக் கூட்டத்தில் நன்றி சொல்ல எழுந்தவன், கைதட்டல் கொஞ்சம் பலமாகவே இருந்ததால், தேவைக்கு மேல் பேசிவிட்டேன். "சொந்தக் கையால் ஓட்டாதவன் கார் முதலாளி அல்ல, காரில் ஏற்றிய சரக்கு" என்றேன். ஊர்வலத்தில் டிரைவர்களே கூடாது என்று நானே தீர்மானம் கொண்டுவந்தேன். ஒருமனதாக நிறைவேறிற்று. கதவோரம் நின்றிருந்த ஹமீது தலையில் கை வைத்ததை நான் மேடையிலிருந்தே பார்த்தேன்.

அன்று முதல் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. தீர்மானத்தை வாபஸ் வாங்க ஒரு காரணம் வேண்டும். எந்தக் காரணத்தைச் சொன்னாலும் அடுத்த கேள்வி வரும். காய்ச்சல் என்று படுத்துப் பார்த்தேன். சங்கத்தார் ஆரஞ்சுப் பழத்தோடு வந்து, நான் எழுந்திருக்கும்வரை ஊர்வலத்தைத் தள்ளி வைப்பதாகச் சொல்லிவிட்டுப் போனார்கள். எந்தப் பக்கம் திரும்பினாலும் மரியாதை வழியை அடைத்துக்கொண்டு நின்றது.

ஹமீதுதான் வழி சொன்னான். "இன்னா மொதலாளி, நீங்களா போயி இப்டி பேஜாரு பண்ணிகினீங்களே. சரி, உடுங்க. எண்ணூராண்ட உப்பளம் கீது. மத்யானத்துலே ஒரு ஈ காக்கா இருக்காது. ஒத்திகை பாத்துக்கலாம். நான் கீறேன்ல?"

அவன் சொன்னது சரி. உப்பளத்து ஆட்கள் விடியுமுன் இறங்கி, வெயில் ஏறுமுன் கரையேறிவிடுவார்கள். பிறகு பொழுது சாயத்தான் வருவார்கள். நடுவில் அங்கே வெள்ளை வெளிச்சமும் காற்றும் தவிர ஒன்றுமில்லை. பாத்திகளுக்கு நடுவே ஒரே ஒரு மண்கரை ரோடு. இரண்டு பக்கமும் உப்புத் தண்ணீர். கடைசியில் ஒரு மதகு, செங்கல் சுவர். கார் திரும்ப இடமில்லை. போன வழியே பின்னோக்கித்தான் வர வேண்டும்.

மதகுக்குக் கொஞ்சம் முன்னால் ஹமீது இறங்கி என் பக்கம் வந்தான். நான் ஸ்டியரிங்குக்குப் பின்னால் உட்கார்ந்தேன். வண்டி அந்த ரோட்டுக்குப் புதிது. அதனால் ஆட்டுக்குட்டி மாதிரி இரண்டு துள்ளு துள்ளி நின்றது. மறுபடியும் துள்ளியது, மறுபடியும் நின்றது. இப்படியே நெடுநேரம். மதகுச் சுவர் மட்டும் துள்ளித் துள்ளிக் கிட்டே வந்தது. கடைசியில் செல்ஃப் ஸ்டார்ட்டர் களைத்துப் போய் முனகிவிட்டு அடங்கிற்று.

ஹமீது அதுவரை பொறுமையாகத்தான் இருந்தான். அதிர்ந்து ஒரு வார்த்தை பேசவில்லை. பிறகு சிரித்தான். கேலியில்லை. வீட்டில் குழந்தையைப் பார்த்துச் சிரிப்போமே, அப்படி. "ஐய, மொதலாளி, இத்தப் போயி வெளியே சொன்னா ஒருத்தனும் நம்ப மாட்டான்" என்றான்.

அவன் சொல்லக்கூடியவனில்லை என்று என் வக்கீல் அபிப்பிராயப்படுகிறார். உண்மைதான். பதினைந்து வருஷமாகத் தன் பெண்டாட்டி ஜெரினாவிடம்கூடச் சொல்லாதவன். ஆனால் சொன்னால் எப்படி இருக்கும் என்று அந்த நிமிஷம் அவன் யோசித்துப் பார்த்துவிட்டான். ஒரு மனிதன் ஒன்றை யோசித்துவிட்டால் அதை அவன் தலையிலிருந்து யாரும் எடுக்க முடியாது. நான் நிதானமாகவே இந்த முடிவுக்கு வந்தேன். அவன் டிக்கியைத் திறந்து ஹாண்டிலை எடுத்து வருகிற நேரம் எனக்குப் போதுமானதாக இருந்தது.

வண்டி பின்னால் உருளாமலிருக்கப் பின் சக்கரத்துக்குக் கல் வைத்துவிட்டு, குச்சியை அவனே நடுவில் வைத்தான். "அத்தத் தொடாதீங்க" என்றான், முதல் நாள் சொன்ன அதே குரலில். காருக்கும் மதகுச் சுவருக்கும் நடுவே போய் நின்று, குனிந்து, சுழற்றினான். எஞ்சின் பிடித்துக்கொண்டது. அவன் ஹாண்டிலை உருவுவதற்குள், அன்று திரும்பத் திரும்ப அவன் சொன்னபடியே, இடது காலால் கிளட்சை மிதித்தேன், குச்சியைத் தள்ளினேன், காலை மெல்ல எடுத்தேன்.

அன்றைக்கு அந்த ஒரு தடவைதான் வண்டி துள்ளவே இல்லை. வெண்ணெய் மாதிரி முன்னே போயிற்று.

சுவரில் போய் நின்றதும் எஞ்சின் அடங்கியது. காரின்மேல் கீறல் எதுவும் விழவில்லை என்று முன்பே சொன்னேன். நடுவில் அவன் இருந்தான்.

உடனே போய்விடவில்லை. பானெட்டின்மேல் இரண்டு கையையும் விரித்து வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தான். நான் தெரியாமல் செய்துவிட்டேன் என்றே கடைசிவரை நினைத்தான். "பயப்படாதீங்க மொதலாளி" என்றான். மூச்சு வாங்கியது. "குச்சிய நடுவுலே கொண்டாங்க... இறக்கம் கீது... வண்டி தானா பின்னாலே வந்துடும். நடுவுலே... அவ்ளோதான்."

அந்த நிலையிலும் எனக்குச் சொல்லிக் கொடுக்கிறான். நான் கைகளை மடியில் வைத்துக்கொண்டேன்.

பொழுது சாய உப்பளத்து வரலட்சுமிதான் முதலில் வந்தாள். கூடையைக் கீழே போட்டுவிட்டு, "யோவ், ஆளு நசுங்கிக் கெடக்கிறான், நீ இன்னா உள்ளே குந்திகினு கீறே? காரு கீதில்லே, ஆஸ்பத்திரிக்கு இட்டுகினு போயேன்யா" என்று கத்தினாள். நான் கண்ணாடியை ஏற்றிக்கொண்டேன். நாகரிகமில்லாத பேச்சு.

என் வக்கீல் ஒரு வழி சொல்கிறார். கை தவறிக் கியர் விழுந்துவிட்டது என்று எழுதினால் விபத்தாகிவிடுமாம், கழுத்துத் தப்புமாம். சாரத்திய சிரோமணிக்குக் கை தவறிக் கியர் விழுந்ததாம். ஊர் சிரிக்காதா? தெரிந்தேதான் போட்டேன். வேண்டுமென்றேதான் போட்டேன். இதில் ஒரு எழுத்தையும் நான் மாற்றுவதாக இல்லை.

காரை இரண்டு உப்பு வண்டி மாடுகளைப் பூட்டி ஸ்டேஷனுக்கு இழுத்து வந்தார்கள். வாசலிலே குறுக்காக விட்டுவிட்டுப் போய்விட்டார்கள். இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே இன்ஸ்பெக்டர் சாவியோடு வந்து நிற்கிறார். "அண்ணாச்சி, மாஜிஸ்ட்ரேட்டய்யா கார் உள்ள வரணும். பாட்டரியச் சரி பண்ணியாச்சு. இங்க ஒரு பயலுக்கும் வண்டி எடுக்கத் தெரியாது. நீங்களே ரெண்டடி பின்னால எடுத்து விட்டிருங்களேன்" என்கிறார். மிகவும் மரியாதையாகத்தான் கேட்கிறார். ஜன்னல் வழியே பார்க்கிறேன். கேட்டுக்கு வெளியே சங்கத்து அங்கத்தினர்கள் கூட்டமாக நிற்கிறார்கள். சுவரோரம் ஜெரினா உட்கார்ந்திருக்கிறாள். அவள் காரைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

இன்ஸ்பெக்டர் அவர்களே, சாவியை உள்ளே வையுங்கள். கொலையை எழுதிக்கொள்ளுங்கள், எங்கே கையெழுத்து என்று காட்டினால் போட்டுத் தருகிறேன். நான் ஏன் அங்கே போனேன், ஏன் அங்கிருந்து போகவில்லை என்ற இரண்டுக்கும் ஒரே பதில்தான். இந்தக் கடைசி வரியை மட்டும் ரிக்கார்டில் சேர்க்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

எனக்குக் கார் ஓட்டத் தெரியாது.