புளி மூட்டைக்கு அடியில் போன புத்தகம்

இவ்விழாவுக்குத் தலைமை ஏற்று, தம் கனத்த குரலால் இந்தக் கொட்டகையையே அதிரவைத்த பெருமதிப்பிற்குரிய தலைவர் லட்சுமணன் அவர்களே! வரவேற்புரை என்னும் பெயரால் வந்தோர், வராதோர் அனைவரையும் வாயார வாழ்த்திய தலைமையாசிரியர் அர்ச்சுனன் அவர்களே! என் இடப்பக்கம் அமர்ந்து இருமுறை இருமிய பெரியவரே! இன்னும் இருமாத காரணத்தால் இன்னாரென்று எனக்குத் தெரியாத ஏனைய சான்றோர்களே! மேடையில் யார் யார் இருக்கிறார்கள் என்று என் காதோரம் ஒருவராவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ஆகவே விடுபட்டவர்கள் கோபித்துக்கொண்டால், அந்தக் கோபத்தை விழாக் குழுவிடம் காட்டுங்கள்.

சாமைக் காட்டையும் சமையலையும் பாதியில் விட்டு வந்திருக்கும் தாய்மார்களே! பலா மரத்தடியில் நின்று பீடியை மறைத்துப் பிடித்திருக்கும் உழவர் பெருமக்களே! மறைக்க வேண்டாம், புகை இங்கே வருகிறது. முன்வரிசையில் புத்தம் புதுக் கறுப்புக் கண்ணாடி அணிந்து அமர்ந்திருக்கும் என் உடன்பிறவா உறவுகள் பதினொரு பேரே! உங்கள் அனைவருக்கும் பார்வையற்ற இந்தக் கோவிந்தனின் பணிவான வணக்கம்.

நான் திருப்பத்தூரிலிருந்து சனிக்கிழமைதோறும் ஜீப்பில் தொங்கிக்கொண்டு புதூர்நாட்டுக்கு வருகிறவன். விரலால் தடவிப் படிக்கும் எழுத்தைச் சொல்லிக் கொடுப்பவன். எண்பத்தொன்றாம் ஆண்டை ஊனமுற்றோர் ஆண்டு என்று உலகமே கொண்டாடியது. கொண்டாட்டம் மலையேறி இங்கே வந்து சேர இரண்டு ஆண்டு ஆகியிருக்கிறது. வரட்டும், தாமதம் பரவாயில்லை. ஆனால் எதைக் கொண்டுவந்தது? கறுப்புக் கண்ணாடி கொண்டுவந்தது!

நான் கேட்கிறேன், கண் தெரியாதவனுக்குக் கண்ணாடி எதற்கு? வெயில் கூசுகிறதா எங்களுக்கு? வெளிச்சம் உறுத்துகிறதா எங்களுக்கு? எங்கள் கண்ணைப் பார்க்க உங்களுக்குச் சங்கடம். அதற்கு நாங்கள் மாட்டிக்கொள்ள வேண்டுமா?

கைதட்டாதீர்கள். நான் திட்டிக்கொண்டிருக்கிறேன்.

அந்தப் பதினொரு பேரில் ஒருத்தி மங்கம்மாள். ராணியம்மாளின் மகள். ஒன்பது வயதில் அம்மை கண்டு பார்வை போனவள், இப்போது இருபது வயது. பள்ளிக்குப் போகாமல் தனித்தேர்வராக எட்டாம் வகுப்புத் தேர்வு எழுதப் பணம் கட்டியிருக்கிறாள். தேறினால் கீழே ஒரு பயிற்சி விடுதியில் இடம் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். அங்கே தட்டச்சு உண்டு, தொலைபேசி வேலைக்குப் பயிற்சி உண்டு. ஆனால் இருபது வயதுவரைதான் எடுப்பார்கள். இந்த ஆண்டு விட்டால் அவளுக்கு அடுத்த ஆண்டு என்பதே இல்லை. தேர்வுக்கு இன்னும் இருபத்துநான்கு நாள் இருக்கிறது.

இந்தப் பெண்ணுக்கு முதலில் ஒரு வெள்ளைக் கோல் வாங்கிக் கொடுத்தேன். தட்டித் தட்டித் தானாக ஓடைக்குப் போய் வரட்டும் என்று கொடுத்தேன். அடுத்த சனிக்கிழமை வருகிறேன், பிள்ளை வழக்கம்போல் அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு வருகிறாள். "கோல் எங்கே அம்மா?" என்றேன். ராணியம்மாள் சொன்னார்: "வூட்டுல பத்திரமா கீது சார். இம்மாம் தூரத்துலேர்ந்து வந்த பொருளு, கல்லுல தட்டினா கெட்டுப்பூடும்ல? மஞ்சள் பூசிப் பொட்டு வெச்சு சாமி படத்தாண்ட சாத்தி வெச்சிருக்கேன்." தாயே, சிரிக்காதீர்கள், உங்களைத்தான் சொல்கிறேன்! நடக்கக் கொடுத்த கோல் உங்கள் வீட்டில் நின்று வரம் கொடுத்துக்கொண்டிருந்ததே!

அதுகூடப் போகட்டும். பொட்டைத் துடைத்தோம், கோல் நடந்தது. புத்தகத்துக்கு வருகிறேன்.

எழுதி, எழுதி, என் எழுத்தாணி தேய எழுதி, எட்டு மாதம் காத்திருந்து, மங்கம்மாளுக்கு ஐந்து பெரிய புத்தகங்கள் வரவழைத்தேன். வரலாறு, அறிவியல் எல்லாம் அதில் இருந்தன. தாளில் மை இருக்காது. சிறு சிறு புள்ளிகள் மேலெழும்பி நிற்கும். அந்தப் புள்ளிதான் எழுத்து. விரல் பட்டால் அது பேசும். கட்டு ஜீப்பில் வந்து நம் புளி வியாபாரி சிங்காரம் அவர்களின் குடோனில் இறங்கியது. அன்று மழை, என்னால் மலையேற முடியவில்லை. பத்து நாள் கழித்து வந்தேன்.

சிங்காரம் நல்லவர். மிக நல்லவர். அதுதான் என் வயிற்றெரிச்சல்! கெட்டவராக இருந்தால் நான் நிம்மதியாகத் திட்டியிருப்பேன். என்னை வாசலிலேயே பிடித்துக்கொண்டு பெருமையாகச் சொன்னார்: "சார், இன்னா சார் உங்க பொஸ்தகம், பூரா மேடும் பள்ளமுமா பொரிப் பொரியா இருந்திச்சு! மழைல நனைஞ்சிருக்குமேன்னு நெனச்சேன். பிரிச்சி ஒண்ணொண்ணா அடுக்கி, எட்டு மூட்டை புளிய மேல ஏத்திட்டேன். இப்ப பாருங்க, பலகையாட்டம் படிஞ்சிக்கினு கீது!"

கேட்டீர்களா? கொட்டை நீக்கிய புளியை மிதித்து அமுக்கிக் கட்டிய மூட்டை எட்டு! பத்துப் பகல், பத்து இரவு! இந்த மலையில் எது மேடாக இருந்தாலும் அதன்மேல் புளி மூட்டையை ஏற்றிவிடுவது வழக்கம். தட்டியானாலும் தகரமானாலும் அப்படித்தான் நேராக்குகிறார்கள். சரித்திரத்தையும் அப்படியே நேராக்கிவிட்டார் சிங்காரம்!

மங்கம்மாள் முதல் பக்கத்தைத் தடவினாள். இரண்டாம் பக்கத்தைத் தடவினாள். ஐந்து புத்தகத்தையும் திறந்து திறந்து தடவினாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்: "சார், இதுல ஒண்ணுமே எழுதலீங்களே?"

அன்று ஜீப்பில் திரும்பும்போது அழுதேன். வேறு புத்தகம் கேட்டு எழுதினேன், மூன்று மாதம் ஆகும் என்று பதில் வந்தது.

ஒரு நிமிடம். என் கையில் யாரோ ஒரு துண்டுச் சீட்டைத் திணிக்கிறார்கள். யார், தலைவரா? நன்றி ஐயா. தடவிப் பார்க்கிறேன். வழவழவென்று இருக்கிறது. இதில் ஒன்றுமே எழுதவில்லையே ஐயா! என்னது, "சுருக்கமாக முடிக்கவும்" என்று எழுதியிருக்கிறதா? பார்த்தீர்களா பெருமக்களே, பார்வையற்றோர் விழாவில் பார்வையற்ற பேச்சாளனுக்குத் துண்டுச் சீட்டு! நான் எவரைக் குறை சொல்லுவேன்? அன்பு இருக்கிறது உங்களிடம், ஆதரவு இருக்கிறது, அள்ளி அள்ளிக் கொடுக்க ஆசை இருக்கிறது. கொடுக்குமுன் "உனக்கு என்ன வேண்டும்?" என்று ஒரு வார்த்தை கேட்கும் வழக்கம் மட்டும்தான் இல்லை!

சரி, நீங்கள் கேட்கவில்லை. நானே சொல்கிறேன். மங்கம்மாளுக்கு வேண்டியது ஒரு குரல். கடையில் விற்கும் சாதாரணப் பாடப் புத்தகத்தைப் பக்கத்தில் உட்கார்ந்து யாராவது உரக்கப் படித்தால் போதும். அவள் கேட்டுக் கேட்டுத் தன் எழுத்தாணியால் புள்ளி புள்ளியாகக் குத்தி எடுத்துக்கொள்வாள். தாள்கூட நீங்கள் வாங்க வேண்டாம், பழைய காலண்டர் அட்டையும் கல்யாணப் பத்திரிகையும் போதும். நாளொன்றுக்கு ஒரு மணி நேரம், இருபத்துநான்கு நாள். எட்டாவது படித்தவர்கள் நாற்பது பேர் இங்கே இருப்பதாகத் தலைமையாசிரியர்தான் பெருமைப்பட்டார். அந்த நாற்பது பேரைக் கேட்கிறேன். வாசிக்க வருகிறவர் யார்?

யார்?

ஏன் இந்த அமைதி? கறுப்புக் கண்ணாடி கொடுக்கும்போது தட்டிய கைகள் எங்கே போயின? ஒருவர் இல்லையா? இந்தப் பெரிய மலையில் ஒரே ஒரு வாய் இல்லையா?

அங்கே நாற்காலி நகர்கிறதே, யார்? மங்கம்மாளா? என்னம்மா சொல்கிறாய்? "வுடுங்க சார், யாரும் வர்ல. நான் வூட்டுக்குப் போறேன்" என்கிறாளே! உட்கார் அம்மா, உட்கார்...

தாய்மார்கள் பக்கமிருந்து யாரது கத்துவது? குப்பம்மாவா? உரக்கச் சொல்லுங்கள்! "ஏ மங்கா, எங்கடி போற? அல்லாரும் கையத் தூக்கிக்கினு நிக்கிறாங்கடி!" என்றா சொல்கிறீர்கள்?

கையையா? கையையா தூக்கியிருக்கிறீர்கள்! அட என் அருமை மக்களே, நான் முக்கால் மணி நேரம் தொண்டை கிழியக் கத்தியது எதற்கு? எனக்கும் கண் தெரியாது, அவளுக்கும் தெரியாது, கையைத் தூக்கிக்கொண்டு ஊமையாக நின்றால் அவள் எழுந்து போகத்தானே செய்வாள்! இறக்குங்கள் கையை! திறவுங்கள் வாயை! ஒவ்வொருவராக அவள் காதில் விழும்படி பேரைச் சொல்லுங்கள்!

சின்னராசு. சரி. சடையன், வனத்துறைக் காவலர். வாருங்கள் ஐயா. முனியம்மா. தலைமையாசிரியர் அர்ச்சுனனா, மகிழ்ச்சி. இன்னும் சொல்லுங்கள், சொல்லுங்கள். அது யார், சிங்காரமா? "எனக்கு எழுத்து தெரியாதுங்க. குடோனக் காலி பண்ணித் தர்றேன், அங்க ஒக்காந்து படிக்கட்டும்" என்கிறார். ஏற்றுக்கொள்கிறோம் சிங்காரம்! ஆனால் அவள் குத்தி வைக்கும் தாள்மேல் ஒரு புளியங்கொட்டையைக்கூட வைக்கமாட்டேன் என்று சபையறியச் சொல்லுங்கள். சொல்லிவிட்டார்.

மங்கம்மா, எண்ணிக்கொண்டாயா? பதினேழு என்கிறாள். எனக்குப் பதினாறுதான் கேட்டது. அவள் காது என் காதைவிடக் கூர்மை.

தலைவரே, சுருக்கிவிட்டேன். பொறுமையோடு திட்டு வாங்கிய தாய்மார்களுக்கும் பெரியோர்களுக்கும், வாய் திறந்த பதினேழு பேருக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி. விடைபெறும் முன் உங்களை நோக்கிக் கைகூப்புகிறேன். நீங்கள் திருப்பிக் கைகூப்ப வேண்டாம். முன்வரிசையில் பதினொரு பேரும் மேடையில் ஒருவனும் காத்திருக்கிறோம், எங்களுக்குக் கேட்கும்படி வாய்விட்டுச் சொல்லுங்கள்: வணக்கம்!