அடங்காத முள்

மனிதனின் துயரத்தை முதன்முதலாக அளந்தவன் நான். அளந்த கருவி, தந்தி ஆபீசில் கழித்துப் போட்ட, மின்சாரம் ஓடினால் முள் ஆடும் ஒரு பெட்டி.

சும்மா உட்கார்ந்திருப்பவனின் மூளைக்குள்ளும் மின்சாரம் ஓடுகிறது என்று ஜெர்மனியில் ஒரு டாக்டர் கண்டுபிடித்ததைப் பத்திரிகையில் படித்தேன். துக்கம் பிடித்தவனுக்கு அது அளவுக்குமேல் ஓடுகிறது என்பது என் கண்டுபிடிப்பு. குற்றாலத்தில் வைத்தியர் என்று போர்டு மாட்டினேன். புத்தி தெளிய அருவியில் நிறுத்துவது இங்கே பழைய வழக்கம். நான் அதில் விஞ்ஞானத்தைச் சேர்த்தேன், அவ்வளவுதான்.

ஆனி மாதம், இலத்தூர் ஆவுடைத்தாய் தன் புருஷன் சங்கரபாண்டியைக் கூட்டிவந்தாள்.

“சோறு எறங்கல, பேச்சில்ல. சும்மாவே உக்காந்திருக்காவ, ஐயா.”

பிள்ளைகள் இரண்டும் மாசியில் காலராவில் போனதுதான் காரணம் என்றாள். படிக்காதவர்களுக்கு எதற்கும் ஒரு காரணம் வேண்டும்.

பெட்டியிலிருந்து வரும் கம்பிகளை அவன் நெற்றியில் துணியால் கட்டி, பெட்டியைக் கையில் ஏந்திப் பார்த்தேன். முள் துடித்தது. அது அடங்கும்வரை சிகிச்சை என்றேன்.

முதல் நாள், இரண்டு ஆட்கள் பிடித்துக்கொள்ள, பேரருவிக்கு நேர் கீழே ஒரு மணி நேரம். காதில் ரத்தம் வந்தது. துக்கம் வெளியேறுகிறது என்று நோட்டில் எழுதினேன். மறுநாள் ஆட்கள் வரவில்லை. நானே அவனைக் கம்பித் தடுப்பில் கட்டினேன். தோள் எலும்பு முறிந்தது.

“ஐயா, மண்டைக்குள்ள இப்ப ஒண்ணுமே ஓடல. வீட்டுக்கு விட்டுருங்க.”

“நீ சொன்னா ஆச்சாலே? முள்ளுல்லா சொல்லணும்.”

முள் துடித்துக்கொண்டுதான் இருந்தது.

மூன்றாம் நாளும் கட்டினேன். அன்று வெள்ளம். தண்ணீரோடு கல்லும் வந்தது.

“மாட்டக்கூட இப்படிக் கட்ட மாட்டாவ, பாவி. அவுத்து விடும்” என்று ஆவுடைத்தாய் என் கையைக் கடித்தாள். தள்ளினேன், பாறையில் அவள் பல் இரண்டு போயிற்று. சிகிச்சையில் குடும்பத்தார் குறுக்கிடக் கூடாது. ஒரு கல் அவன் மண்டையில் விழுந்தது. அதன்பிறகு அவன் கெஞ்சவில்லை. நானும் அவிழ்க்கவில்லை, இன்னும் கால் மணி நேரம் பாக்கி இருந்தது.

கரையில் கிடத்திக் கம்பிகளைக் கட்டினேன். மூச்சு இல்லை. முள் துடித்தது. செத்தும் அடங்காத துக்கம் என்றால், அவன் எப்பேர்ப்பட்ட நோயாளி என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

கட்டியது நான். அவிழ்க்காததும் நான். மறுக்கவில்லை. ஆனால் என் முறையில் பிழையில்லை என்று போலீஸ் ஸ்டேஷனிலேயே நிரூபித்துக் காட்டினேன். கம்பிகளை இன்ஸ்பெக்டர் நெற்றியில் கட்டினேன். முள் துடித்தது. உங்களுக்கும் துக்கம் முற்றியிருக்கிறது என்றேன்.

அவர் பெட்டியை என் கையிலிருந்து வாங்கி மேஜைமேல் வைத்தார். முள் நின்றுவிட்டது.

எனக்குக் கைநடுக்கம் உண்டு.