அப்பா தாங்க மாட்டார்

...லெஸ் தூங்குறார்னா சொன்னாங்க? நானா தூங்கினேன்? போன வாரம் நீ வந்தப்ப டிவில ஃபுட்டி மேட்ச் பாத்து நடுவரத் திட்டிக்கிட்டு இருந்தேன்மா டீகன். அந்தச் சத்தம் பர்னி துறைமுகம் வரைக்கும் கேட்டிருக்கும். நர்ஸ் ஃபே காதுல மட்டும் கொறட்டையா விழுந்திருக்கு.

நல்லவதான் அவ. இந்த வார்டுல எல்லாருமே ரொம்ப நல்லவங்க, அதான் தொல்லையே. வலி எப்படியிருக்கு, சாகப் பயமா இருக்கான்னு உன் ஆராய்ச்சிக்காக எங்ககிட்ட கேக்க நீ வர்றே. அதக் கேக்கலாமா வேணாமான்னு உங்க காலேஜ்ல ஒரு குழு மாசக்கணக்கா யோசிச்சுதாமே. அவங்களுக்கென்ன, நேரம் கெடக்கு. டாக்டர் வேற, அந்தக் கேள்வி என் மனசச் சங்கடப்படுத்தும்கறார். ஆமா, நீ கேட்டாத்தான எனக்கு ஞாபகமே வரும்... நான் இங்க கடல்காத்து வாங்கத்தான படுத்திருக்கேன்.

பக்கத்துக் கட்டில்ல காலின்னு ஒருத்தர் இருந்தார், உருளைக்கெழங்கு விவசாயி. உன்கிட்டப் பேசணும்னே சவரம் பண்ணிட்டு உக்காந்திருப்பார். 'ரொம்பத் தளந்துட்டார், வேணாம்'னுட்டாங்க. வெள்ளிக்கிழமை போயிட்டார். ஆராய்ச்சில என்னன்னு எழுதுவே, 'விலகிட்டார்'னா? விலகலம்மா. சேக்கவே இல்ல.

அடுத்த பேட்டி ஆறு வாரம் கழிச்சா? உனக்கு என்மேல இருக்கிற நம்பிக்கை அந்த டாக்டருக்கே இல்ல.

இருந்தாலும் இந்தப் பேட்டிய ரொம்ப எதுத்தது என் மக லியான்தான். 'அப்பா தாங்க மாட்டார்'னு ஒரே பிடிவாதம். அப்படி யாரு அவளுக்குச் சொல்லிக் குடுத்தா?

...நான்தான், வேற யாரு. தெனம் வருவா. 'எப்படிப்பா இருக்கே'ம்பா. 'ஜோரா இருக்கேன்மா, கார் டயர மாத்தினியா'ம்பேன். அவ உதட்டக் கடிச்சா நான் கண்ண மூடிக்குவேன். அவ அம்மா போனப்பவும் நாங்க டயரப் பத்தித்தான் பேசினோம். அதுக்கப்புறம் அவ அம்மாவப் பத்திப் பேசவே இல்ல.

அதோ கண்ணாடிக்கு அந்தப் பக்கம், பச்ச மழைக்கோட்டு... அவதான். நீ எந்திரிக்காத. அப்புறம் வரேன்னு கெளம்பிடாத. அந்த நாற்காலிய இழுத்து என் பக்கத்துல போடு. அவ உக்காரட்டும். அப்புறம் பயமா இருக்கான்னு என்கிட்டக் கேளும்மா. அவ காதுல விழுற மாதிரி கேளு.

நானா ஆரம்பிக்க மாட்டேன். நீ கேட்டா சொல்லிடுவேன்.