புல் முளைக்காத இடங்கள்

மேடையில் வீற்றிருக்கும் தலைவர், வட்டார மன்றத்தின் திடல் குழு உறுப்பினர் திரு. பரமசிவம் அவர்களே, இடம் தந்த வாசகசாலைச் செயலாளர் அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் ஜைனப் அக்கா அவர்களே, வேலை முடிந்து குளிக்கக்கூட நேரமில்லாமல் ஓடி வந்திருக்கும் என் தோழர்களே, உள்ளே வரக் கூச்சப்பட்டுக் கதவோரம் நிற்கும் வாலிபர்களே, உங்கள் அனைவருக்கும் மருதப்பனின் வணக்கம்.

எனக்கு முன்னால் மூன்று பேர் பேசினார்கள். நல்ல தமிழில் பேசினார்கள். நான் மூன்றாம் வகுப்போடு நின்றவன். இருபத்தைந்து வருடமாகத் திடல்களில் புல் வெட்டுகிறவன். எனக்கு ஒரு கடிதம் எழுத வேண்டும் என்றாலும், லீவு கேட்க வேண்டும் என்றாலும் எனக்கு அண்ணன் மாதிரியான அமீன் நானாதான் எழுதித் தருவார். இன்றைக்கு அவரைப் பற்றிப் பேச வேண்டும். எழுதித் தர ஆள் இல்லை. தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நம்மை விட்டுப் போன மர்ஹூம் நூருல் அமீன் அவர்கள் நம் மன்றத்தின் திடல் கிராணியார். என்ன வேலை அது? ஒரு காலி நிலம் இருக்கிறது. அதைப் பிள்ளைகள் விளையாட விடுவதா, கடை கட்டுவதா, லாரி நிறுத்துவதா என்று குழு முடிவு செய்யும். முடிவு செய்வதற்கு முன்னால் அந்த நிலத்தைப் பார்த்து, பிளான் வரைந்து, விவரம் எழுதி மேசையில் வைப்பவர் கிராணியார். மற்ற கிராணிகள் மேசையில் இருந்தபடியே எழுதினார்கள். நம் கிராணியார் எங்கே இருந்தார்? சாயங்காலம் ஐந்து மணிக்குப் பிறகு அவரை ஆபீசில் யாராவது பார்த்ததுண்டா? வீட்டிலாவது பார்த்ததுண்டா? அவர் மனைவி ஜைனப் அக்கா தலையாட்டுகிறார்கள். இல்லை.

நான் அவரை முதலில் பார்த்தது லவண்டர் தெருப் பக்கம் இருந்த குழாய்த் திடலில். தலையில் தொப்பி, கையில் கறுப்புக் குடை, தரையில் குந்தி உட்கார்ந்து எதையோ தேடிக்கொண்டிருந்தார். என் வாய் சும்மா இருக்காது. உங்களுக்குத் தெரியும்.

“என்ன நானா, பல்லு செட்டு விழுந்துருச்சா? தேடித் தரவா?” என்று கேட்டேன்.

அவர் நிமிரவே இல்லை. “பல்லெல்லாம் இருக்கு லா. புல்லு இல்லாத எடத்தத் தேடுறேன்” என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. புல் வெட்டுகிறவனிடம் வந்து மொட்டைத் தரையைப் பற்றிப் பேசுவது, சமையல்காரனிடம் அடிப்பிடித்த சட்டியைக் காட்டுவது மாதிரி. ஆனால் அவர் குறை சொல்ல வரவில்லை. பிள்ளைகள் கால் படுகிற இடத்தில் புல் முளைக்காது, அதனால் மொட்டையைப் பார்த்தால் பிள்ளைகளைப் பார்த்த மாதிரி என்று விளக்கினார். பிளானை விரித்துக் காட்டினார். கோல் போடுகிற இடம், கபடி ஆடுகிற மூலை, மூன்று சந்துகளிலிருந்து பிள்ளைகள் குறுக்கே ஓடி வருகிற தடம் எல்லாவற்றுக்கும் காவிப் பென்சிலால் நிறம் கொடுத்திருந்தார். இருபது வருடம் நான் வெறுத்த மொட்டைகளை ஒரு மனிதர் நகை மாதிரி தீட்டி வைத்திருந்தார்.

பெண் பிள்ளைகளுக்கு என்ன செய்தார் தெரியுமா? திடலில் அவர்கள் காலடித் தடமே இல்லை என்று கவலைப்பட்டார். ஜைனப் அக்காவைப் பின்சந்து வீடுகளுக்கு அனுப்பித் தாய்மார்களிடம் கேட்டு வரச் சொன்னார். சமையலறையிலிருந்து பார்த்தால் தெரிகிற இடமாக இருந்தால் அனுப்புவோம் என்றார்கள் தாய்மார்கள். உடனே பிளானில் ஊஞ்சல்கள் இடம் மாறின. தாய்மார்கள் கண் படுகிற மூலைக்கு வந்தன. எந்தப் படிப்பில் இதைச் சொல்லித் தருகிறார்கள்?

அந்தத் திடலில் ஒரு பலகை இருந்தது. பந்து விளையாடக் கூடாது என்று எழுதிய பலகை. பிள்ளைகள் அந்தப் பலகையின் இரண்டு கால்களுக்கு நடுவில்தான் கோல் போட்டார்கள். நான் விரட்டப் போனேன். நானா என் சட்டையைப் பிடித்து இழுத்துவிட்டு, ‘பலகை நல்ல உபயோகத்தில் இருக்கிறது’ என்று நோட்டில் எழுதிக்கொண்டார். ஒரு நாள் பிள்ளைகள் கட்டாயப்படுத்தி அவரையே கோலில் நிற்க வைத்தார்கள். பதினொரு கோல் வாங்கினார். குடையை விரித்துப் பிடித்திருந்தாலாவது பாதி தடுத்திருப்பார் என்று நான் கேலி செய்தேன். சிரித்தார். அந்தச் சிரிப்பை இனி எங்கே போய்ப் பார்ப்பது?

அவையோரே, இதுவரை நான் சொன்னது எல்லோருக்கும் தெரிந்தது. இனி சொல்லப்போவது இந்த மண்டபத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும். இறந்தவருக்கும் தெரியும்.

நான்கு வருடத்துக்கு முன்னால் குழாய்த் திடலைப் பார்க்கக் குழு வருவதாகச் சொன்னார்கள். புதன்கிழமை, காலை பத்து மணிக்கு. பெரியவர்கள் வரப்போகிறார்கள், நம் நானாவின் பிளான் ஜெயிக்க வேண்டும், திடல் கல்யாண வீடு மாதிரி இருக்க வேண்டும் என்று எனக்கு ஆசை. யாரும் சொல்லவில்லை. நானாகவே செய்தேன். கிராஞ்சி நர்சரியிலிருந்து மண்ணோடு பெயர்த்த புல்பத்தைகளை லாரியில் ஏற்றி வந்தேன். மொட்டை இருந்த இடமெல்லாம் பாய் விரித்த மாதிரி பதித்தேன். எதிர்க் கோலுக்கு வைத்திருந்த கற்களைப் பொறுக்கி எறிந்தேன். வேர் பிடிக்கட்டும் என்று நான்கு நாள் ஒரு பிள்ளையையும் உள்ளே விடவில்லை. குச்சியோடு காவல் நின்றேன். அவருக்கு அந்த வாரம் காய்ச்சல், பார்க்க வரவில்லை.

புதன்கிழமை வந்தார்கள். பள்ளிக்கூட நேரம். காக்கைகூட இல்லை. பிளானில் காவி, தரையில் பச்சை. அதை மாற்றி மாற்றிப் பார்த்தார்கள். “இங்கே பிள்ளைகள் விளையாடுவதாக எழுதியிருக்கிறீர்களே, எங்கே?” என்று கேட்டார்கள். நானா சுற்றிப் பார்த்தார். புல்லைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் பெருமையாக நின்றுகொண்டிருந்தேன், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு. அவர் ‘இதோ இவன் மூடிவிட்டான்’ என்று ஒரு விரலை நீட்டியிருந்தால் போதும். நீட்டவில்லை. ஏனென்றால் என் வேலை போயிருக்கும்.

கண்ணால் பார்த்ததைத்தான் அவர்கள் நம்பினார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை. திடல் லாரிகளுக்குப் போனது. பொய் விவரம் எழுதியவர் என்ற பேர் நானாவுக்குப் போனது.

இரண்டு நாள் கழித்து, காப்பிக்கடையில், நான் அழுதுகொண்டே அவரிடம் சொன்னேன். தே தாரே டீயை என் பக்கம் தள்ளி வைத்துவிட்டு அவர் சொன்னதை அப்படியே சொல்கிறேன்.

“தப்பு உன் மேல இல்ல மருதப்பா. சுத்தமா வையின்னு இருவது வருசமா உன்கிட்ட சொன்னது நாங்கதான். அழுக்கா வையின்னு சொல்ல நான் மறந்துட்டேன். அடுத்த தடவ ஒண்ணும் செய்யாத. கையக் கட்டிக்கிட்டு நில்லு. அது போதும்.” அப்படியே நிற்பேன் என்று வாக்குக் கொடுத்தேன்.

அந்தப் பிள்ளைகள் எங்கே போனார்கள்? சில பேர் நடைபாதைக் கடைகளுக்கு நடுவே ஆடிப் போலீசிடம் பந்தைப் பறிகொடுத்தார்கள். சில பேர் தெருமுனைக் கும்பல்களோடு போனார்கள். அவர்களில் இரண்டு பேரைத் திரும்பக் கூப்பிட முடியவில்லை. சில பேர் இதோ கதவோரம் நிற்கிறார்கள், சலவைச் சட்டை போட்டுக்கொண்டு. இவர்கள் இத்தனை சுத்தமாக நின்று நான் பார்த்ததே இல்லை. அதுதான் எனக்கு அழுகையாக வருகிறது.

நானா விடவில்லை. சுண்ணாம்புக் கம்பம் வட்டாரத்தில் பழைய மாட்டுக்கொட்டகைத் திடல் இருக்கிறதே, அதற்காக எட்டு மாதம் அலைந்தார். மறுபடியும் குடை, மறுபடியும் காவிப் பென்சில். மாடிப்படி ஏற மூச்சு வாங்கும். திடலைச் சுற்ற வாங்காது. போன திங்கள்கிழமை பிளானைக் குழுவிடம் கொடுத்தார். வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து வீட்டுக்கு வந்து, நெஞ்சு வலிக்கிறது என்று உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. ஜைனப் அக்கா, பென்சிலைப் பையிலிருந்து எடுத்து என்னிடம் கொடுத்தீர்கள். கட்டை விரல் அளவுதான் மிச்சம் இருந்தது. மீதியெல்லாம் நம் பிள்ளைகளின் தடமாகப் போயிருக்கிறது.

வருகிற புதன்கிழமை, காலை பத்து மணிக்கு, குழு அந்தத் திடலைப் பார்க்க வருகிறது. நேற்று எனக்கு ஆபீசிலிருந்து உத்தரவு வந்துவிட்டது. புல்பத்தை ஒரு லாரி வருகிறதாம். மொட்டைகளை மூடி, கற்களை அகற்றி, சுத்தமாக வைக்க வேண்டுமாம்.

தலைவர் அவர்களே, பெரிய மனது பண்ணி ஒரு காரியம் செய்யுங்கள். பத்து மணிக்கு வராதீர்கள். சாயங்காலம் ஐந்தரைக்கு வாருங்கள். வெள்ளைச் சப்பாத்து வேண்டாம், பழைய செருப்பு போதும். பந்து வந்து மேலே விழுந்தால் என்னைத் திட்டுங்கள், பிள்ளைகளைத் திட்டாதீர்கள். தலையசைக்கிறீர்கள். இந்த இருநூறு பேரும் பார்த்துவிட்டார்கள்.

சாயங்காலம் வர முடியாமல் போய்ப் பத்து மணிக்கே வந்தாலும் சரி. பிள்ளைகள் இருக்க மாட்டார்கள். ஆனால் அவர்கள் கால் பட்ட இடம் இருக்கும். கோலுக்கு வைத்த கல் இருக்கும். பிளானில் காவி எங்கே இருக்கிறதோ, அங்கே தரையிலும் இருக்கும். கிராணியார் நூருல் அமீன் பொய் எழுதாதவர் என்று அந்தத் தரையே சொல்லும்.

லாரி வரட்டும். புல்பத்தை வாசலிலேயே கிடந்து காயட்டும். உத்தரவை மீறினேன் என்று சீட்டைக் கிழித்தால் கிழிக்கட்டும். நான்கு வருடத்துக்கு முன்னால் என் வேலையைக் காப்பாற்றியவருக்கு அதைத் திருப்பிக் கொடுத்ததாக இருக்கட்டும்.

நானா, உங்களுக்குத் தந்த வாக்கை இந்தச் சபையின் முன்னால் மறுபடி தருகிறேன். புதன்கிழமை நான் ஒன்றும் செய்ய மாட்டேன். அந்தத் திடலின் நடுவில், புல் முளைக்காத இடத்தில், கையைக் கட்டிக்கொண்டு நிற்பேன்.